நாலு மூலையிலும் மஞ்சள்

வெள்ளித் தட்டு ஒன்று. அதில் வந்தவர்கள் பெயர் அச்சிட்ட சின்னச் சின்ன வெள்ளை அட்டைகள். ஒவ்வொன்றும் வெற்றிலையில் பாதிகூட இராது. அவற்றின் மேல், தட்டையே மூடிக்கொண்டு, எங்கள் அப்பாவின் அட்டை கிடந்தது. ரோஜா நிறக் காகிதம், இரண்டாக மடித்தது. நாலு மூலையிலும் மஞ்சள்.

தட்டை ஏந்தி நின்ற பணியாளர் அதைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பிறகு மேற்கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

சிங்கப்பூரில் பாடாங் திடலைப் பார்த்த மாடி வராந்தா அது. கடற்காற்றில் மேசை விரிப்புகள் படபடத்தன. தேயிலை மணமும் புது எண்ணெய்ச் சாயத்தின் மணமும் கலந்து வந்தன. ஊரில் படம் வரைகிறவர்களுக்கென்று ஒரு சித்திரச் சங்கத்தார் வைத்த தேநீர் விருந்து. சங்கத்தின் காரியதரிசியான வெள்ளைக்கார அம்மாள் எங்கள் அட்டையை இரண்டு விரலால் எடுத்தார். கையுறையின் நுனியில் மஞ்சள் ஒட்டிக்கொண்டது.

"யாருக்குத் திருமணம்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். பதில் வருமுன் என் பக்கம் திரும்பி, "உனக்கா? எவ்வளவு மகிழ்ச்சி! வாழ்த்துகள்!" என்றார். சுற்றி நின்றவர்கள் மெல்லக் கைதட்டினார்கள்.

அப்பாவுக்கு ஆங்கிலம் தெரியாது. என் காதருகே குனிந்து கேட்டார்.

"என்னம்மா சொல்றாங்க?"

"கார்டு நல்லா இருக்குன்னு சொல்றாங்கப்பா" என்றேன்.

என் படிப்பை வைத்துக்கொண்டு நான் சொன்ன முதல் பெரிய பொய் அதுதான். அப்பா முகம் மலர்ந்துவிட்டது. கையிலிருந்த துணி முடிச்சை அவிழ்த்து மீதிக் கார்டுகளை வெளியே எடுத்தார். ஒவ்வொருவரிடமும் போய், இரண்டு கைகளாலும் நீட்டினார். நான் தடுக்கவில்லை. எப்படித் தடுப்பது?

ஏணித் தெரு

அப்பா வேலாயுதம் நாடகத் திரை எழுதுபவர். தேக்காவில், மாட்டுக் கொட்டகைகளுக்குப் பின்னால், கூரை உயர்ந்த ஒரு கொட்டகை அவருக்கு இருந்தது. மூங்கிலில் முப்பது அடித் துணியைக் கட்டித் தொங்கவிட்டு, காடு, அரண்மனை, சுடுகாடு, கடல் என்று எழுதுவார். திரை வேலை இல்லாத நாளில் கடைகளுக்குப் பெயர்ப்பலகை.

ஒரு எழுத்தும் படிக்கத் தெரியாமல் மூன்று மொழிகளில் பலகை எழுதியவர் அவர். கடைக்காரர் சீட்டில் எழுதிக் கொடுப்பதைப் பூ வரைவதுபோல் பார்த்து வரைவார். நான் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகு, சிராங்கூன் சாலையில் நடக்கும்போதெல்லாம் அவர் எழுதிய பலகைகளை ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டுவேன். "அப்படியா போட்டிருக்கு?" என்று நின்று கேட்பார். தாம் எழுதியது என்னவென்று அவருக்கு அப்போதுதான் தெரியும்.

எங்கள் வீட்டில் முதன்முதலாகப் படித்தவள் நான். அந்தத் திமிர் எனக்கு இருந்தது. இப்போதும் இருக்கிறது. மறைப்பதற்கில்லை.

அந்த வருஷம் ஊரில் தங்கியிருந்த நாடகக் கம்பெனியின் முதலாளி ஒருநாள் கொட்டகைக்கு வந்தார். புது நாடகத்துக்கு அரண்மனைத் தெரு வேண்டுமாம். அப்பா எழுதி வைத்திருந்த பழைய தெருவைப் பார்த்தார். தலையைச் சாய்த்துப் பார்த்தார். நேராக நின்று பார்த்தார்.

"வேலாயுதம், உங்க சாயம் பளபளன்னு இருக்கு. குறை சொல்ல மாட்டேன். ஆனா தெரு ஏணி மாதிரி நிக்குதே! எங்க ராஜா இதுல நடந்து வரணுமா, ஏறி வரணுமா?"

அவருடைய ஆட்கள் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். முதலாளி போகும்போது, "சென்னையில எழுதுறாங்க பாருங்க, தெரு அப்படியே உள்ளே போகுது. உங்களால முடியும்னா உங்களுக்குத்தான் வேலை. முடியாதுன்னா அங்கேருந்து வரவழைச்சுக்கிறேன். ரெண்டு மாசம் டைம்" என்றார்.

அன்று மாலை அப்பா சாலையோரத்தில் போய் நின்றார். டிராம் தண்டவாளம் இரண்டும் தூரத்தில் ஒன்றாய்ச் சேர்வதையே பார்த்துக்கொண்டிருந்தார். சிங்கப்பூரில் மின்சார டிராம் ஓடத் தொடங்கிய புதிது. கண் பார்க்கிறது, கைக்கு வரவில்லை. அதுதான் அவருடைய வருத்தம்.

தூரிகை துடைத்த தாள்

அப்பா தூரிகை துடைப்பதற்குப் பழைய ஆங்கிலப் பத்திரிகைகளை வாங்கி வைப்பார். எதைக் கண்டாலும் படிக்கிற வியாதி எனக்கு. பாதி பச்சையும் பாதி காவியுமாய் இருந்த ஒரு தாளில்தான் அந்தச் செய்தியைப் பார்த்தேன். நல்ல வேளை, அது அந்த வாரத்துத் தாள்.

சித்திரச் சங்கத்தார் சனிக்கிழமைதோறும் வகுப்பு நடத்தப் போகிறார்கள். தட்டையான துணியில் தூரத்தைக் காட்டும் முறையைக் கற்றுத் தருவார்கள். ஊரில் தொழில் செய்யும் சித்திரக்காரர்களும் சேரலாம். ஆனால் விண்ணப்பத்தில் சங்கத்து உறுப்பினர் இருவர், இவருடைய வேலையை நாங்கள் அறிவோம் என்று கையெழுத்திட வேண்டும். பழகிக்கொள்வதற்காக முதலில் ஒரு தேநீர் விருந்து.

படித்துச் சொன்னதும் அப்பா தூரிகையைக் கீழே வைத்தார்.

"ரெண்டு பேரா? எனக்கு அங்க ஒருத்தரையும் தெரியாதேம்மா."

"போனாத்தானேப்பா தெரியும்? பெரிய மனுஷங்க கூடுற இடத்துல பேரு போட்ட கார்டு குடுப்பாங்க. நாமளும் அடிச்சுக்கலாம்."

எங்கள் பள்ளி ஆசிரியை ஒருமுறை பாடத்தின் நடுவே சொல்லியிருந்தார். சீமையில் கார்டு கொடுத்துத்தான் அறிமுகமாவார்கள் என்றும், வீட்டில் இருக்கும் நாளை அதிலேயே அச்சிட்டுக்கொள்ளும் சீமாட்டிகள் உண்டு என்றும். கேட்டிருக்கிறேனே தவிர, அப்படியொரு கார்டைக் கண்ணால் பார்த்ததில்லை. பார்த்ததில்லை என்று யாரிடமும் சொல்லவுமில்லை.

மரைக்காயர் அச்சகம்

நார்த் பிரிட்ஜ் ரோட்டில் மரைக்காயர் ஒருவர் அச்சகம் வைத்திருந்தார். நாகப்பட்டினத்துக்காரர். மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு அதையே தேடுகிறவர்.

"கார்டா? ஆயிரம் அடிச்சிருக்கேன் புள்ள. கல்யாணம், நிக்காஹ், காதுகுத்து, கந்தூரி. உனக்கு எது?"

"எதுவும் இல்லீங்க. அப்பா பேருக்கு."

"பேருக்குன்னா? வெறும் பேரா?" அவருக்குப் புரியவில்லை. "வெறும் பேரைப் போட்டா வாங்குறவன் என்ன நினைப்பான்? ஊரு வேணாமா, தகப்பன் பேரு வேணாமா, என்ன தொழில்னு வேணாமா?"

வேண்டும் என்றுதான் எனக்கும் தோன்றியது. எழுதிக் கொடுத்தேன். ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் ஆங்கிலம். மேலே தெய்வத்தின் பெயர். பிறகு தாத்தா பெயர், அப்பா பெயர், கொட்டகை இருக்கும் இடம், அவர் எழுதிய திரைகளின் வரிசை. இடம் போதவில்லை. காகிதம் பெரிதாயிற்று. பிறகு மடிப்பு வந்தது.

"கடைசில வாங்கன்னு ஒரு வார்த்தை இல்லையே" என்றார் மரைக்காயர். "கையில காகிதத்தைக் குடுத்துட்டு வாங்கன்னு சொல்லாம இருக்கலாமா? மரியாதை இல்லலா."

அது நியாயமாகத்தான் பட்டது. 'சுற்றமும் நட்பும் சூழ வந்திருக்க வேண்டுகிறோம்' என்று சேர்த்தேன்.

"நாளு?"

"நாளுமா போடணும்?"

"நாள் இல்லாத காகிதம் என் அச்சகத்தை விட்டு வெளியே போனதில்லை."

ஆசிரியை சொன்னது நினைவுக்கு வந்தது. அதனால் விருந்துக்கு அடுத்த வாரத்து ஞாயிற்றுக்கிழமை காலை என்று போட்டேன். யார் வரப்போகிறார்கள் என்ற தைரியம்தான்.

வீட்டுக்குக் கொண்டுவந்ததும் அம்மா மஞ்சள் கிண்ணத்தோடு உட்கார்ந்துவிட்டார்.

"அம்மா, இது கல்யாணக் கடுதாசி இல்லம்மா!"

"இல்லாட்டி என்ன? நல்ல காரியத்துக்குத்தானே போகுது? மஞ்சள் வைக்காம அனுப்ப இது என்ன சாவுக் கடுதாசியா? போடி, படிச்சவளே!"

நாற்பது கார்டுகள். நூற்று அறுபது மூலைகள். எல்லாவற்றிலும் மஞ்சள்.

வராந்தாவில் ஒரு யாழ்ப்பாணத்தார்

விருந்துக்குத் திரும்புகிறேன். அப்பா கார்டு கொடுத்துக்கொண்டே போனார். வாங்கியவர்கள் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். சீனக் குடும்பங்களுக்கு முன்னோர் படம் எழுதும் லிம் என்பவர், சங்கத்தில் இல்லாதவர், எங்களைப்போலவே ஓரத்தில் நின்றவர். அவர் கார்டை வாங்கி மார்பில் வைத்துத் தலை குனிந்தார். ஒளிப்படம் எடுக்கும் பெரேரா, மலாக்காவிலிருந்து வந்த, போர்த்துக்கீசியக் கலப்புள்ள யூரேசியர், சங்கத்து உறுப்பினர், அதைச் சட்டைப்பையில் செருக முயன்றார். முடியாமல் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

ஒருவர் மட்டும் அதை முழுதாகப் படித்தார். நில அளவை அலுவலகத்தில் வரைபடம் போடும் சின்னத்தம்பியர், யாழ்ப்பாணத்துக்காரர். அவரும் சங்கத்தில் உறுப்பினர். தமிழ்ப் பக்கத்தை அடிவரை வாசித்துவிட்டு என்னைத் தனியே அழைத்தார்.

"பிள்ளை, இதில கலியாணம் எண்டு ஒரு இடத்திலயும் இல்லையே. எல்லாரும் என்னத்துக்கு உம்மை வாழ்த்தினவை?"

எனக்குக் கண் கலங்கிவிட்டது. விஷயத்தைச் சொன்னேன். விண்ணப்பத்தையும் காட்டினேன்.

அவர் சிரிக்கவில்லை. தூரத்தில் நின்ற அப்பாவைக் காட்டிச் சொன்னார்: "கொப்பரின்ர வேலையைக் காணாமல் நான் கையெழுத்து வைக்க ஏலாது. வேலையை அறிவன் எண்டல்லோ கிடக்கு. முப்பது அடித் துணியை இஞ்ச கொண்டு வரவும் ஏலாது." கார்டை மறுபடி பார்த்தார். "ஞாயிறு எண்டு போட்டிருக்கிறீர். அப்ப வாறன்."

"மற்றவங்க?"

"அவையள் கலியாணத்துக்கு வருவினம்" என்றார்.

நானும் அப்பாவும் நடந்தே வீடு திரும்பினோம். டோபி காட் புல்வெளியில் சலவைத் துணிகள் காற்றில் பறந்துகொண்டிருந்தன. அப்பா அவற்றைத் திரைகளைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டே வந்தார். கையெழுத்து ஒன்றும் கிடைக்கவில்லை. ஆனால் அவர் மனம் நிறைந்திருந்தது.

"எல்லாரும் எவ்வளவு மரியாதையா வாங்கிக்கிட்டாங்க பாத்தியா?"

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். மூடிக்கொண்டேன். அந்த வாரம் முழுக்க அப்படித்தான் திறந்து திறந்து மூடினேன்.

பெண் எங்கே?

ஞாயிறு காலை, சின்னத்தம்பியர் ஒருவர்தான் வருவார் என்று அம்மாவிடம் சொல்லி வைத்திருந்தேன். அம்மா இடியாப்பம் பிழிந்து வைத்தார். வெல்லப் பாயசம் தனியாக.

முதலில் லிம் வந்தார். மனைவியோடு, இரண்டு ஆரஞ்சுப் பழங்களைச் சிவப்புக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு. அடுத்து ஒரு பியூன், காரியதரிசி அம்மாள் அனுப்பியதாகச் சொல்லி ஓரத்தில் பின்னல் வைத்த மேசை விரிப்பைக் கொடுத்துவிட்டுப் போனான். சின்னத்தம்பியர் குடும்பத்தோடு வந்தார். கடைசியாக ஒரு மாட்டு வண்டி வந்து நின்றது. பெரேரா இறங்கினார். மூன்று கால் தாங்கி, கறுப்புத் துணி, பெரிய படப்பெட்டி என்று ஒவ்வொன்றாக இறக்கினார்.

அம்மா என் கையைப் பிடித்தார். "எதுக்குடி பழம், துணின்னு கொண்டாந்து குடுக்குறாங்க? இது என்ன பொட்டி?"

நான் பதில் சொல்வதற்குள் பெரேரா தொப்பியைக் கழற்றிவிட்டு, சந்தை மலாயில் உரக்கக் கேட்டார்.

"பெங்ஙாந்தின் மானா?"

மணப்பெண் எங்கே என்று அர்த்தம். தேக்காவில் அந்தச் சொல் தெரியாதவர் கிடையாது. அம்மாவுக்குத் தெரியும். அப்பாவுக்கும் தெரியும். இருவரும் ஒரே சமயத்தில் என்னைப் பார்த்தார்கள்.

 வெளியே ஒரு மாடு மணியை ஆட்டியது.

நான் நடுவே வந்து நின்றேன். மலாயில் சொன்னேன், பிறகு ஆங்கிலத்தில் சொன்னேன், கடைசியில் அப்பாவைப் பார்த்துத் தமிழில் சொன்னேன்.

"கல்யாணம் இல்லீங்க. இது அப்பா பேரைச் சொல்ற கார்டு. இப்படிக் கார்டை நான் பாத்ததே இல்ல. பாத்த மாதிரி எழுதிட்டேன். எல்லாரும் தப்பா நினைச்சாங்கன்னு அன்னைக்கே தெரியும். தெரிஞ்சும் அப்பாகிட்ட மறைச்சுட்டேன். தப்பு என்னோடதுதான்."

  அப்பா வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு விருந்தாளிகள் பக்கம் திரும்பினார். அவருடைய உடைந்த மலாயில் சொன்னார். தமிழில் இப்படி வரும்:

"என் பொண்ணு கல்யாணம்னு எழுதல. வாங்கன்னு எழுதுச்சு. நீங்க வந்துட்டீங்க. சாப்பிடாம யாரும் போகக்கூடாது."

முதலில் சிரித்தது லிம்மின் மனைவி. பிறகு எல்லாரும். அம்மா மட்டும் இடியாப்பத் தட்டோடு என்னைத் தாண்டும்போது, "இரு, இவங்க போகட்டும்" என்றார்.

ஆணியும் நூலும்

கல்யாணம் பார்க்க வந்தவர்களுக்குப் பார்க்க என்ன இருக்கிறது? திரைகள்தான் இருந்தன. அப்பா ஒவ்வொன்றாய் அவிழ்த்துவிட்டார். காடு இறங்கியது. கடல் இறங்கியது. லிம் காட்டின் அருகே போய்த் துணியை விரலால் சுண்டினார். இவ்வளவு மடித்தும் சாயம் ஏன் வெடிக்கவில்லை என்று கேட்டார். புளியங்கொட்டையை ஊறவைத்து அரைத்துக் காய்ச்சிய பசையை முதலில் பூச வேண்டும் என்று அப்பா சொன்னார். தொழில் ரகசியம். அதுவரை யாருக்கும் சொல்லாதது. கேட்டவுடன் சொல்லிவிட்டார். லிம் பதிலுக்கு, முகத்தில் நிழல் விழாமலே மூக்கை எப்படி எழுப்புவது என்பதைக் கரித்துண்டால் தரையில் போட்டுக் காட்டினார்.

கடைசியில் ஏணித் தெரு இறங்கியது.

பெரேரா படப்பெட்டியை அதன் முன் நிறுத்தி, அப்பாவைக் கறுப்புத் துணிக்குள் அழைத்தார். பின்புறக் கண்ணாடியில் படம் தலைகீழாகத் தெரியும். அப்பா வெகு நேரம் உள்ளேயே இருந்தார். வெளியே வந்ததும் சொன்னார்:

"தலைகீழா நிறுத்துனாலும் ஏணியாத்தான் நிக்குது."

பெரேரா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சின்னத்தம்பியர் சிரிக்காமல், "வேலாயுதம், அந்த நூலை எடும்" என்றார். பலகையில் நேர்கோடு அடிக்கச் சுண்ணாம்பு தடவி வைத்திருக்கும் நூல் அது. திரைக்குப் பின்னால் ஒரு பலகையை நிறுத்தி, நடுவே கண் மட்டத்தில் ஒரு ஆணியை அடித்து நூலை அதில் கட்டினார். மறுமுனையை இழுத்துக்கொண்டு போய் மாளிகையின் கூரை ஓரத்தில் வைத்தார். பிறகு படிக்கட்டில். பிறகு தெருவோரத்தில்.

"எல்லாக் கோடும் இந்த ஆணிக்குத்தான் போகவேணும். இவ்வளவுதான். மிச்சத்தை வகுப்பில படியும்."

அப்பா நூலைக் கையில் வாங்கினார். ஒரு சுண்டு சுண்டினார். மாளிகையின் நீலச் சுவரின் மேல் வெள்ளைக்கோடு விழுந்தது. பின்னால் நகர்ந்து பார்த்தார். "டிராம் ரோடு!" என்றார். அவ்வளவு சத்தமாக அவர் பேசி நான் கேட்டதில்லை.

சின்னத்தம்பியர் விண்ணப்பத்தில் கையெழுத்திட்டார். தாளைப் பெரேராவிடம் நீட்டினேன். 

"தன் தெரு ஏணி என்று தானே சொல்கிற ஆள்" என்றார் பெரேரா ஆங்கிலத்தில். "இவருக்குப் போடாமல் வேறு யாருக்குப் போடுவது?" போட்டார்.

கொண்டுவந்த பெட்டியை வீணாக்க மனமில்லாமல், எல்லாரையும் அந்தத் தெருவின் முன் நிறுத்திப் படமும் எடுத்தார். அதில் நான் மட்டும் அசைந்துவிட்டேன். முகம் புகைபோல் இருக்கிறது. அம்மா அப்போதுதான் என்னைக் கிள்ளினார்.

சின்ன கார்டு

சனிக்கிழமைகளில் அப்பா வகுப்புக்குப் போனார். வெள்ளைக்கார ஆசிரியர் சொல்வதை நான் பின்வரிசையில் உட்கார்ந்து தமிழில் சொல்வேன். லிம்முக்கும் ஒரு விண்ணப்பம் எழுதிக் கொடுத்தேன். அவருக்குக் கையெழுத்து அதே இரண்டு பேர்தான்.

கெடு வைத்த இரண்டு மாதம் முடிந்ததும் நாடக முதலாளி வந்தார். புதுத் தெரு தொங்கியது. கொட்டகை வாசலிலேயே நின்றுவிட்டார். "எந்த ஊருக்குய்யா போகுது இந்தத் தெரு?" என்று மட்டும் கேட்டார். வேலை அப்பாவுக்குத்தான் என்று எங்களுக்குத் தெரிந்துவிட்டது.

மேசை விரிப்பைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது காரியதரிசி அம்மாள் வாங்க மறுத்துவிட்டார். என்றாவது தேவைப்படும், வைத்துக்கொள் என்றார். தேவைப்பட்டது. அது பின்னால் நடந்தது, இங்கே வேண்டாம்.

அப்பாவுக்குக் கொஞ்சம் பெயர் வந்ததும் நான் மறுபடி மரைக்காயரிடம் போனேன். இம்முறை நிஜக் கார்டு ஒன்றை மாதிரிக்குக் கொண்டுபோனேன். வெற்றிலையில் பாதி அளவு, வெள்ளை அட்டை, அப்பா பெயரும் தொழிலும் இடமும் மட்டும். மரைக்காயர் அதை வெளிச்சத்தில் பிடித்து, "பாவம், மொட்டையா இருக்கு" என்றார். அம்மா அதற்கும் மூலையில் மஞ்சள் வைத்தார். இம்முறை கிண்ணத்தை நான்தான் பிடித்துக்கொண்டேன்.

அடுத்த சனிக்கிழமை வகுப்பு முடிந்ததும் அப்பா முதல் கார்டை லிம்மிடம் நீட்டினார். இரண்டு கைகளாலும்தான். லிம் முன்பக்கம் பார்த்தார். திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். மறுபடி திருப்பினார். எதையோ தேடினார்.

"ஹாரி மிங்கு மானா?" என்றார். ஞாயிற்றுக்கிழமை எங்கே?

பெரேராவும் எட்டிப் பார்த்தார். சின்னத்தம்பியர் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, "ஓம், நாளைக் காணேல்லையே" என்றார்.

மாதிரிக் கார்டில் அது இல்லை என்று நான் சொல்ல வாயெடுத்தேன். அப்பா தம் பையிலிருந்த பென்சிலை எடுத்து என் கையில் வைத்தார்.

"எழுதும்மா. ஞாயித்துக்கிழமை. எல்லா ஞாயித்துக்கிழமையும்."